காட்டு நடை, அப்புறம் ஒரு ரொட்டி: கேள்வி பதில்

சிங்கப்பூரில் காலையில் காட்டுக்குள் நடந்து, வெளியே வந்ததும் காயா (தேங்காய்ப்பால் ஜாம்) ரொட்டியோ, முட்டையோடு கல்லில் சுட்ட ரொட்டி ஜானோ சாப்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவது எப்படி என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். என் வழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிடும் இடத்தை முதலில் முடிவு செய்வேன். அங்கே போய் முடிகிற பாதை எது என்று அப்புறம்தான் பார்ப்பேன். பசியோடு இறங்கி, பஸ் பிடித்து, கடை தேடி அலைந்தால் பிள்ளைகள் அடுத்த முறை வர மாட்டார்கள்.

கேள்வி (செங்காங்): அக்கா, நாங்கள் இதுவரை போனதே இல்லை. ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். எங்கே ஆரம்பிக்கலாம்?

பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் (பொட்டானிக் கார்டன்ஸ்) ஆரம்பியுங்கள். நேப்பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி டாங்ளின் வாசல் வழியாக உள்ளே போய், மறுகோடியில் இருக்கும் புக்கிட் தீமா வாசல் வழியாக வெளியே வாருங்கள். பெரும்பாலும் சமதரை. நடுவில் ஏறத்தாழ 6 ஹெக்டர் மழைக்காடு ஒன்று இருக்கிறது. பூமலை 1859இல் உருவானது. அந்தக் காடு அதற்கும் முன்பிருந்தே அங்கே நிற்கிறது. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளமாகச் சேர்த்தது இந்த முழுத் தோட்டத்தையும்தான். பலர் அன்னக்குளத்தில் படம் எடுத்துவிட்டுக் காட்டுப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே நுழைந்ததும் வெக்கை குறைவதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஆடம் ரோடு உணவங்காடி நிலையம். அங்கே நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வரிசைதான் நீளமாக இருக்கும். மலாய்க் கடைகளில் ரொட்டி ஜான் போடுகிறார்களா என்று கேளுங்கள். பூமலைக்கும் ரொட்டி ஜானுக்கும் பழைய உறவு உண்டு. டாங்ளின் பக்கம் தாமான் செராசி என்ற இடத்தில் இருந்த கடைகளில்தான் 1970களில் அது பெயர் எடுத்தது. அந்தக் கடைகள் இப்போது இல்லை.

போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முட்டையில் கொத்திய ஆட்டிறைச்சியும் வெங்காயமும் கலந்து சூடான கல்லில் ஊற்றுவார்கள். நீள ரொட்டியை இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் வைத்துக் கரண்டியால் அழுத்திப் பிடிப்பார்கள். முட்டை ரொட்டிக்குள் ஏறி ஒட்டிக்கொள்ளும். திருப்பிப் போட்டு, துண்டு போட்டு, மிளகாய் சாஸ் ஊற்றித் தருவார்கள். கல்லிலிருந்து வந்ததும் சாப்பிட வேண்டும். கட்டிக்கொண்டு போனால் ஆவியில் ஊறிச் சொதசொதத்துவிடும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): புக்கிட் தீமா மலை ஏற ஆசை. வயது 58, முழங்கால் கொஞ்சம் தகராறு. முடியுமா?

உயரம் சுமார் 164 மீட்டர்தான். நாட்டிலேயே உயரமான இயற்கைக் குன்று என்றாலும் ஊரில் மலை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது மேடு. ஆனால் பார்வையாளர் நிலையத்திலிருந்து மேலே போகும் தார்ச் சாலை சில இடங்களில் செங்குத்தாக இருக்கும். முழங்காலுக்குச் சிரமம் இறங்கும்போதுதான். ஊன்றுகோல் ஒன்று எடுத்துப் போங்கள், இறங்கும்போது பக்கவாட்டில் அடி வையுங்கள், படிக்கட்டுப் பாதையை விட்டுவிட்டுச் சாலையிலேயே இறங்குங்கள். வலி அதிகமானால் பாதியில் திரும்பிவிடுங்கள். அடிவாரத்திலேயே ஹிண்டீட் கல்குவாரி இருக்கிறது. சின்ன நடை, பெரிய பாறைச் சுவர், அதன் கீழே தண்ணீர். அதற்காகவே போகலாம்.

ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854இல் இங்கே வந்து வண்டு சேகரித்தார். இத்தனை சிறிய பரப்பில் அவருக்குக் கிடைத்தவை சுமார் 700 வகை. அப்போது புலிக்குப் பயந்து நடந்த காடு இது. இன்று நீங்கள் கவனிக்க வேண்டியது குரங்கை. கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். தண்ணீர்ப் புட்டி உட்பட எல்லாம் முதுகுப் பைக்குள், ஸிப்பை இழுத்து மூடி.

இறங்கியதும் பியூட்டி வோர்ல்டு சென்டர் நடக்கும் தூரம்தான். நாலாவது மாடியில் உணவங்காடி இருக்கிறது. நடந்து முடித்த உடம்புக்குக் காயா ரொட்டிக்கு மேல் ஒன்று இல்லை என்பது என் உறுதியான கருத்து. ரொட்டி மெல்லியதாக, மொறுமொறுவென்று வாட்டியிருக்க வேண்டும். தேங்காய்ப்பால், முட்டை, சீனி, பாண்டான் இலை சேர்த்துக் கிண்டிய காயா ஒரு பக்கம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய் மறுபக்கம், தடவாமல் ஒரு துண்டாகவே. கடிக்கும்போது வெண்ணெய் இன்னும் சில்லென்று இருக்க வேண்டும். உருகியிருந்தால் ரொட்டி மேசையில் காத்திருந்தது என்று அர்த்தம். பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு, கறுப்பு சோயா, வெள்ளை மிளகு. ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுங்கள். வியர்த்த உடம்புக்கு அந்த உப்பு வேண்டும்.

கேள்வி (தோ பாயோ): மக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் இருக்கும் தொங்குபாலத்துக்குத் திங்கட்கிழமை போகலாமா?

திங்கட்கிழமை மூடியிருக்கும். பொது விடுமுறை என்றால் மட்டும் திறப்பார்கள்.

கேள்வி (பொங்கோல்): அதே பாலம். எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீர் கிடைக்குமா?

நீர்த்தேக்கப் பூங்காவில் தொடங்கிச் சுற்றி வந்தால் 10, 11 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். வீனஸ் டிரைவ் பக்கமிருந்து போனால் தூரம் குறையும். பாலம் 250 மீட்டர் நீளம், ஆழமான இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம். ஒருவழிப் பாதை, எனவே நடுவில் பயம் வந்தால் திரும்ப முடியாது. உயரம் ஒத்துக்கொள்ளாதவரை வற்புறுத்தி அழைத்துப் போக வேண்டாம். வழியில் ரேஞ்சர் நிலையத்தில் கழிப்பறையும் தண்ணீரும் உண்டு. ஆனாலும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கொண்டு போங்கள். முடித்ததும் அப்பர் தாம்சன் சாலைப் பக்கம் வாருங்கள். காலை உணவுக்கு அங்கே பஞ்சமில்லை.

கேள்வி (தெம்பனிஸ்): நாங்கள் சுத்த சைவம். காயா ரொட்டி சாப்பிடலாமா?

காயாவில் முட்டை இருக்கிறது. பல சைவக் குடும்பங்கள் இது தெரியாமல் சாப்பிடுகின்றன. வெண்ணெய் ரொட்டியோ நிலக்கடலை வெண்ணெய் ரொட்டியோ கேளுங்கள். காயா தொட்ட கத்தியால் தடவ வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் கேட்பார்கள்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): எல்லாரையும் கடைக்கே அனுப்புகிறீர்கள். ஐந்து பேர் கடையில் சாப்பிட்டால் என்ன செலவாகும் என்று யோசித்தீர்களா? வீட்டிலேயே முட்டை சாண்ட்விச் செய்து, மலை உச்சியில் உட்கார்ந்து சாப்பிடுவதில் என்ன தப்பு? கட்டுச்சோறு நம் பழக்கம்தானே?

கட்டுச்சோற்றில் தப்பே இல்லை. செலவைப் பற்றிச் சொன்னதும் நியாயம். நான் மறுப்பது இடத்தை மட்டும்தான். புக்கிட் தீமா உச்சியில் பொட்டலம் பிரிக்காதீர்கள். பூமலைப் புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பிடலாம், லாப்ரடோர் பூங்காவில் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். காட்டுக்கு நடுவில் மட்டும் வேண்டாம், குரங்குகள் வரும்.

கேள்வி (ஹவ்காங்): புக்கிட் பாத்தோக் வாசகர் சொல்வதுதான் சரி. நாங்கள் குரங்குக்கு ஒன்றும் போடுவதில்லை. குப்பையையும் வீட்டுக்கே கொண்டு வருகிறோம். அமைதியாகச் சாப்பிடுகிறவர்களை ஏன் குற்றவாளி மாதிரிப் பேசுகிறீர்கள்?

கடிதம் (புக்கிட் பாஞ்சாங்): இது கேள்வி இல்லை. காட்டோரப் புளோக்கில் குடியிருக்கிறேன். சமையலறை ஜன்னல் வழியாகக் குரங்கு வந்து மேசைமேல் இருந்த ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. பாத்திரமோ பழமோ அல்ல, நேராக அந்தப் பைதான். பை என்றால் ரொட்டி என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

மூவருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக.

நம் காடுகளில் இருப்பவை நீண்ட வால் குரங்குகள். அவற்றின் சாப்பாடு அத்திப் பழம், கொட்டை, தளிர், பூச்சி. பழத்தைத் தின்று விதையை வேறு இடத்தில் போட்டு மரம் முளைக்கச் செய்வதும் அவைதான். மனிதச் சாப்பாட்டில் மாவும் சீனியும் கொழுப்பும் ஒரே கடியில் கிடைக்கின்றன. அரை நாள் அலைந்து தேடுவதை ஒரு பொட்டலத்தில் பெற்ற குரங்கு மறுநாளும் அதே இடத்துக்கு வரும். குட்டி தாயைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

ஹவ்காங் வாசகர் போடவில்லை, நம்புகிறேன். ஆனால் பொட்டலம் பிரிக்கும் ஒலியையும் முட்டை வாசனையையும் அந்தக் கூட்டம் கவனித்துக்கொண்டேதான் இருக்கும். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் பயந்து ரொட்டியைக் கீழே விட்டிருப்பார். உங்களுக்குப் பின்னால் வருபவரின் பிள்ளை பிஸ்கட்டை நீட்டும். உச்சியில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமாகிவிட்டால் தனித்தனி மனிதர்களின் ஒழுக்கம் போதாது. கடைசியில் யாரையாவது கடிக்கும், புகார் போகும், குரங்கைப் பிடித்து அப்புறப்படுத்துவார்கள். மனிதர் தொடங்கியதற்கு உயிரைக் கொடுப்பது குரங்கு. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

ஊட்டுவது சட்டப்படியும் குற்றம். வனவிலங்குச் சட்டத்தின்கீழ் முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம்.

புக்கிட் பாத்தோக் வாசகருக்கு ஒரு யோசனை. மலை ஏறி இறங்குங்கள். சாண்ட்விச்சை முதுகுப் பையில் மூடிய டப்பாவில் வைத்திருங்கள், பிளாஸ்டிக் பையில் அல்ல. அப்புறம் டௌன்டவுன் ரயிலில் பியூட்டி வோர்ல்டிலிருந்து பொட்டானிக் கார்டன்ஸ் வாருங்கள். பூமலைப் புல்வெளியில் ஐந்து பேரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். கடைச் செலவு மிச்சம்.

கேள்வி (புக்கிட் பாத்தோக், மீண்டும்): சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முட்டை சாண்ட்விச் அதுவரை கெடாதா?

ஏழு மணிக்கு ஏறி ஒன்பதரைக்குள் சாப்பிட்டால் பயமில்லை, ஐஸ் பொதி ஒன்றும் கூட வையுங்கள். மயோனீஸ் போடாதீர்கள். அவித்த முட்டையை வெண்ணெய், உப்பு, மிளகோடு மசித்தால் போதும்.

கேள்வி (கிளமெண்டி): துணிப் பை கொண்டு போகலாமா?

கையில் தொங்கும் எந்தப் பையும் வேண்டாம். முதுகுப் பை.

கேள்வி (அங் மோ கியோ): தொங்குபாலம் திங்கட்கிழமை திறந்திருக்குமா?

தோ பாயோ வாசகருக்குச் சொன்ன பதில்தான்.

கேள்வி (பிடோக்): குரங்கு நேராக எதிரே வந்து நின்றால் என்ன செய்வது?

ஓடாதீர்கள், கத்தாதீர்கள். கண்ணுக்குள் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். குரங்குக்கு இதெல்லாம் சண்டைக்கு அழைப்பு. பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு மெல்ல விலகுங்கள். கையில் பிளாஸ்டிக் பை இல்லாவிட்டால் பெரும்பாலும் அது உங்களைக் கண்டுகொள்ளாது.

கேள்வி (ஜூரோங்): புலாவ் உபின் தீவுக்குப் போகலாமா?

அவசியம் போங்கள். சாங்கி முனையிலிருந்து படகு, 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். தீவின் செக் ஜாவா கடலோரத்தில் கடற்புல்லையும் நண்டையும் பார்க்க வேண்டுமென்றால் நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். கடல்நீர் ஏற்ற இறக்க அட்டவணை பார்க்காமல் போனால் வெறும் கடல்தான் தெரியும். தீவில் காட்டுப்பன்றிகள் சைக்கிள் கூடையில் இருக்கும் பையை இழுத்துப் போகும். ஆக, அங்கேயும் கூடையில் சாப்பாடு வேண்டாம். திரும்பி வந்ததும் சாங்கி வில்லேஜ் உணவங்காடி இறங்குதுறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி (உட்லண்ட்ஸ்): ஜோகூரில் கோத்தா திங்கி அருவி எப்படி?

எல்லை தாண்டிய பாதைகள் பற்றி நான் பேசுவதில்லை. அங்கேயே இருப்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (சுவா சூ காங்): அப்பாவுக்கு நீரிழிவு. நடந்த பிறகு காயா ரொட்டி கொடுக்கலாமா?

அளவை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கோப்பியை மட்டும் "கோப்பி ஓ கொசோங்" என்று கேளுங்கள், பாலும் சீனியும் இல்லாமல் தருவார்கள். சர்க்கரை குறைந்தால் கொடுப்பதற்கு வழக்கமாக வைத்திருப்பதை நடையின்போது பையில் வைத்திருங்கள்.

கேள்வி (செங்காங்): தள்ளுவண்டிக் குழந்தையோடு எங்கே போகலாம்?

தென்முகடுகள் (சதர்ன் ரிட்ஜஸ்), பூங்காக்களை இணைக்கும் நடைபாதை. ஹோர்ட்பார்க் பூங்காவில் தொடங்குங்கள். அலெக்சாண்ட்ரா வளைவுப் பாலம் தாண்டியதும் மரங்களின் உச்சிக்கு இணையாகப் போகும் இரும்புப் பாதையில் வண்டி உருளும். அப்புறம் ஹெண்டர்சன் அலைப் பாலம், 274 மீட்டர் நீளம், சாலைக்கு மேலே 36 மீட்டர். வளைந்த பலகைக்குள் உட்கார நிழலும் இருக்கிறது. ஃபேபர் மலையிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் இறங்கும் மராங் பாதை படிக்கட்டு, அதனால் வண்டியோடு வருபவர்கள் மலையிலிருந்து டாக்சியில் இறங்கிவிடுங்கள். கீழே சியா இம் உணவங்காடி நிலையம் இருக்கிறது.

கேள்வி (பொங்கோல்): நாய் கொண்டு போகலாமா?

இயற்கை வனப் பகுதிகளுக்குள் கூடாது. கயிற்றோடு ரயில் காரிடாரில் நடக்கலாம். 2011இல் ரயில் நின்ற பழைய தண்டவாளப் பாதை அது, 24 கிலோமீட்டர்.

கேள்வி (தெம்பனிஸ்): மழை வந்தால்?

மழையைவிட இடியைப் பாருங்கள். இங்கே ஆண்டில் ஏறத்தாழ 170 நாள் இடி இடிக்கிறது, பெரும்பாலும் மதியத்துக்கு மேல். காலை 7 மணிக்கு ஆரம்பிக்கச் சொல்வது வெயிலுக்காக மட்டும் அல்ல. சில மாதங்களில் சுமத்ராவிலிருந்து விடியற்காலையிலேயே காற்றோடு மழை வந்து அடிக்கும். கிளம்பும் முன் மைஎன்வி செயலியில் மழைப் படத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும்போது இடி கேட்டால் உச்சியையும் பாலத்தையும் விட்டு இறங்கி, அருகிலுள்ள கட்டடத்துக்குப் போங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மழை விட்டதும் பலகைப் பாதை வழுக்கும், அன்றைக்கு நடையை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.