கால் கிராம் எதிர்ப்பொருள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் டான் பிரவுனின் ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’ (2000) நாவலை எடுத்துக்கொண்டோம். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து கால் கிராம் எதிர்ப்பொருளைத் திருடி வத்திக்கானில் ஒளித்துவைக்கிறார்கள். வெடிப்பதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப்பேர் ஒரே மூச்சில் படித்தார்கள், மீதிப்பேர் பாதியில் மூடிவைத்தார்கள். இயற்பியல் ஆசிரியனாக இருந்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன.

எதிர்ப்பொருள் என்று ஒன்று உண்டா, கற்பனையா?

உண்டு. சாதாரணத் துகளைப் போன்றே எடையும், அதற்கு எதிரான மின்னேற்றமும் கொண்ட துகள்களால் ஆனது எதிர்ப்பொருள். சாதாரணப் பொருளைத் தொட்டால் இரண்டும் அழிந்து ஆற்றலாகிவிடும். 1928இல் இயற்பியலாளர் டிராக்கின் சமன்பாட்டில் தலைகாட்டியது. 1932இல் ஆண்டர்சன் காஸ்மிக் கதிர்களில் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டுபிடித்தார். மருத்துவமனையில் பெட் ஸ்கேன் எடுப்பதே பாசிட்ரானை நம்பித்தான். நாவலின் தொடக்கத்தில் ‘உண்மை’ என்று தலைப்பிட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. செர்ன் அண்மையில்தான் எதிர்ப்பொருளின் முதல் துகள்களை உருவாக்கியது என்கிறது அது. துகள்தான் 1932இலேயே கிடைத்துவிட்டதே! 1995இல் செர்ன் உருவாக்கியது எதிர்த்துகள்கள் சேர்ந்த எதிர் ஹைட்ரஜன் அணுக்களை, அதுவும் ஒன்பதே ஒன்பது. கதைக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும். ‘உண்மை’ என்று முத்திரை குத்திய பக்கத்தை மட்டும் சந்தேகத்தோடு படியுங்கள்.

கால் கிராம் வத்திக்கானை அழித்துவிடுமா?

தாராளமாக. நாவலில் ஐந்து கிலோடன், அதாவது ஐயாயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் பலம், என்று வருகிறது. கால் கிராம் எதிர்ப்பொருள் அழியும்போது கால் கிராம் சாதாரணப் பொருளையும் சேர்த்தே அழிக்கும். அரை கிராம் முழுவதும் ஆற்றலாக மாறினால் பத்து கிலோடனுக்கும் மேல். ஆசிரியர் பாதியை விட்டுவிட்டார்! ஆனால் அந்தக் கால் கிராமுக்கு எங்கே போவது? செர்ன் உருவாக்கியதெல்லாம் நானோகிராம் (கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் அடங்கும். இதே வேகத்தில் போனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பிடித்துவைப்பதும் லேசல்ல. 2011இல் எதிர் ஹைட்ரஜன் அணுக்களை ஆயிரம் வினாடிகள் கலையாமல் வைத்திருந்ததே பெரிய செய்தியானது.

நாவலில் வருவதுபோல் கலிலியோ இல்லுமினாட்டி என்ற ரகசியச் சங்கத்தின் உறுப்பினரா?

அவர் இறந்தது 1642. அந்தச் சங்கம் பவேரியாவில் தொடங்கியது 1776. கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நாடாவது ரகசியமாக எதிர்ப்பொருள் குண்டு செய்திருக்குமா?

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

நான் கத்தோலிக்கப் பெண். திருச்சபை என்றாலே அறிவியலுக்கு எதிரி என்று காட்டுவது வருத்தமாக இருந்தது.

உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, பாதி நியாயம். 1633இல் கலிலியோவை விசாரித்துத் தண்டித்தது நடந்த கதை. அதேபோல, பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய பெல்ஜியத்து ஜார்ஜ் லெமேத்ர் ஒரு பாதிரியார் என்பதும் நடந்த கதை. நாவலில் கொல்லப்படும் வெட்ராவும் பாதிரியார், இயற்பியலாளர். அவர் ஆய்வுக்கூடத்தில் படைப்பை நிகழ்த்திக்காட்டிக் கடவுளை நிரூபிக்கப் பார்க்கிறார். லெமேத்ர் நேர் எதிர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத் தொடக்கத்தைப் பற்றிய ஆய்வுகள் படைப்புக்குச் சான்று சொல்வதுபோல் உரையாற்றியபோது லெமேத்ர் சங்கடப்பட்டார். தம் கோட்பாடு கடவுள் உண்டு, இல்லை என்ற இரண்டு பக்கமும் பேசாது என்பது அவர் நிலை. பாதிரியார் அங்கி அணிந்த ஒருவரே, ‘என் கணக்கைத் தயவுசெய்து வேதத்துக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்’ என்கிறார்! என்னைக் கேட்டால் வெட்ராவைவிட இவர்தான் நாவலுக்கு ஏற்ற ஆள்.

தமிழில் இப்படி உண்டா?

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. பேயா, ஹோலோகிராமா என்று கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுவார்கள். தீர்ப்புச் சொல்லவில்லை என்று இன்னும் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். முதல் பக்கத்தில் ‘உண்மை’ என்று அதட்டாத புத்தகம்.

செர்ன் வளாகத்தில் நடராஜர் சிலை இருக்கிறதே, நாவலில் ஏன் வரவில்லை?

சிலை திறக்கப்பட்டது 2004 ஜூன் 18. நாவலுக்குப் பிறகு. இரண்டு மீட்டர் உயரம், இந்திய அரசின் அன்பளிப்பு. வழிபாடு ஏதும் இல்லை.

அன்பளிப்பு என்று சுருக்கிவிட்டீர்கள். சிதம்பரம் பூமியின் காந்த மையம் என்பது அவர்களுக்குத் தெரிந்துதானே வைத்தார்கள்?

எதிர்பார்த்தேன். உருண்டையின் மேற்பரப்பில் மையம் என்று எந்தப் புள்ளியும் கிடையாது. காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு, காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு. அது சிதம்பரத்துக்கு வெகு தெற்கே, திருவனந்தபுரம் பக்கமாகப் போகிறது, மெல்ல நகர்ந்துகொண்டும் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பக்கம் என்பதால்தான் 1963இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தது. அந்த இடத்தில் இருந்த மரிய மக்தலேனா தேவாலயத்தை ஆயர் விட்டுக்கொடுத்தார். ஆரம்பகால வேலைகள் அதற்குள்தான் நடந்தன. அறிவியலும் நம்பிக்கையும் சேர்ந்த கதை வேண்டுமென்றால் இதை எழுதுங்கள் ஐயா.

காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் ஒரே தீர்க்கரேகையில் இருப்பதை மறுக்க முடியுமா?

மறுக்கவில்லை. மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில்தான் இருக்கின்றன, அழகான விஷயம். ஆனால் பஞ்சபூதத் தலங்கள் ஐந்து. திருவண்ணாமலையும் திருவானைக்காவும் மேற்கே விலகி நிற்கின்றன. கோட்டில் வராத இரண்டை மட்டும் மறந்துவிடுவது எந்த ஊர்க் கணக்கு?

அப்படியானால் முன்னோர்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்களா?

நான் சொல்லாததற்குப் பதில் கிடையாது.

ஐயா, எதிர்ப்பொருளை வைத்து மின்சாரம்...

உருவாக்கச் செலவாகும் மின்சாரம், திரும்பக் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். குண்டு, மின்சாரம், சிதம்பரம் பற்றி வந்திருக்கும் மற்ற கடிதங்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டேன். லெமேத்ர் பற்றி யாராவது கேட்பதாக இருந்தால் எழுதுங்கள்.