ஐ.டி.வி. 5.2 லட்சம், தருவது 4.4 லட்சமா?

கேள்வி: ஐயா, எனக்குக் குடியாத்தம். போன மாதம் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட, என் கார் அதன் பின்னால் புகுந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 4.3 லட்சம். இன்சூரன்ஸ் சர்வேயர் ‘டோட்டல் லாஸ்’ (முழு இழப்பு) என்று எழுதிவிட்டார். பாலிசியில் ஐ.டி.வி. (வண்டிக்குக் குறித்திருக்கும் காப்பீட்டு மதிப்பு) 5.2 லட்சம். இன்சூரன்ஸ் கம்பெனியோ, ‘இன்றைய மார்க்கெட் விலை 4.4 லட்சம்தான், சம்மதக் கையெழுத்துப் போடுங்கள்’ என்கிறது. வங்கிக் கடன் பாக்கி 3.6 லட்சம். காட்பாடியில் ஷெட் வைத்திருக்கும் மச்சான், வண்டியை நாமே எடுத்து ரெடி பண்ணலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில், அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம்.

ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். உங்களுக்கு அந்தக் கோடு 3.9 லட்சம். சர்வேயரே எழுதிவிட்டதால் அதில் தகராறு இல்லை. தகராறு தொகையில்தான். வண்டியின் வயதுக்கான தேய்மானத்தைப் பாலிசி போடும்போதே கழித்துத்தான் ஐ.டி.வி. போடுகிறார்கள். பாலிசி நிபந்தனையை எடுத்துப் படியுங்கள்: டோட்டல் லாஸ் என்றால், பாலிசி காலம் முழுக்க ஐ.டி.வி.தான் மார்க்கெட் விலை, மேற்கொண்டு தேய்மானம் கிடையாது என்று இருக்கும். அந்த வரியைக் குறிப்பிட்டு மெயில் அனுப்புங்கள். போனில் பேசிக்கொண்டே இருந்தால் கையில் ஒரு சான்றும் இருக்காது. சர்வே ரிப்போர்ட் நகலையும் கேளுங்கள்.

கம்பெனியின் குறைதீர் அதிகாரி ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

1500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்றால் கட்டாயப் பிடித்தம் (க்ளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) 1,000 ரூபாய். மீதி 5,19,000. வங்கிக்கு 3.6 லட்சம் போனால் உங்கள் கைக்கு 1,59,000. அவர்கள் சொல்லும் கணக்கில் 79,000தான். சரிபாதி போய்விடுகிறது! பாலிசியில் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்; இருந்தால் இன்வாய்ஸ் விலையை ஒட்டிக் கிடைக்கும். பணம் வரும்வரை இ.எம்.ஐ.யை மட்டும் நிறுத்தாதீர்கள். வண்டி போனாலும் கடன் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சிபில் ஸ்கோர் அடிபடும்.

அப்புறம் மச்சான் யோசனை. வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் உடைசல் மதிப்பைக் கழித்துத்தான் தருவார்கள். அது 1.2 லட்சம் என்று வைத்தால், வங்கிக்குப் போக உங்களுக்கு மிஞ்சுவது 39,000. அதை வைத்து என்ன ரிப்பேர் செய்வீர்கள்? அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லாரிக்கு அடியில் புகுந்த வண்டியில் சேஸிஸ் வளைந்திருக்கும், ஏர்பேக் வெடித்திருக்கும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதில் போக வேண்டாம், விட்டுவிடுங்கள்.

எனக்கு இதில் பெரிய கவலை ஆர்.சி. புத்தகம்தான். உடைந்த வண்டியை எடுப்பவருக்காக பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வெறுமனே கையெழுத்துக் கேட்பார்கள். எடுப்பவர் பெயர், முகவரி, தேதி நிரப்பாமல் கொடுக்காதீர்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். அவர் அதை ஒட்டவைத்து ஓட்டி யாரையாவது இடித்தால், ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நஷ்டஈடு உங்கள் தலையில் வந்து விழும். ஓட்டவே முடியாத வண்டி என்றால், 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டம். தாமதமாகியிருந்தாலும் உடனே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். ஃபாஸ்டேகையும் கையோடு மூடிவிடுங்கள். பரிவாகன் தளத்தில் ஆர்.சி. ரத்து என்றோ பெயர் மாற்றம் என்றோ தெரியும்வரை அந்த ஃபைலைப் பரணில் போட வேண்டாம்.