அம்பாசிடரா, மாருதி 800-ஆ: மலைக்கு எது?

குன்னூருக்குக் குடிவரப் போகிறீர்கள், வீட்டில் 1974 அம்பாசிடரும் 1996 மாருதி 800-உம் இருக்கின்றன, எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரியில் இரண்டையும் ஓட்டியவன் நான். மாருதியை வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பார்த்துச் சொல்லவில்லை. 1489 சிசி அம்பாசிடருக்கு முன்னால் 796 சிசி மாருதி எம்மாத்திரம்! விஷயம் கொண்டை ஊசி வளைவில் இருக்கிறது. மாருதியின் திரும்பும் ஆரம் 4.4 மீட்டர், அம்பாசிடருக்கு 5.4. ஒரு மீட்டர்தானே என்று தோன்றும். குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் தாண்டி ஒரு வளைவில் எதிரே அரசுப் பேருந்து வந்து நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

அப்புறம் கியர். அந்தக் கால அம்பாசிடரில் முதல் கியருக்கு, ஓட்டத்திலேயே பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது. இரண்டாவதில் வண்டி திணறுகிறதே என்று ஸ்டீயரிங் பக்கத்துக் கியர் கம்பியைச் சட்டென முதலுக்கு இழுத்தால் 'கர்ர்ர்' என்று கத்தும். வண்டியை நிறுத்திவிட்டுப் போட வேண்டும். இல்லையென்றால் நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஒரு ரேஸ் கொடுத்து, மறுபடி மிதித்துப் போட வேண்டும். பழைய டாக்சிக்காரர்கள் இதை வெற்றிலை மடிப்பதுபோலச் செய்வார்கள். முட்டுகிற மாதிரி பின்னால் லாரி நிற்கும்போது நீங்கள் பழக வேண்டாம்.

வெயில் காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அம்பாசிடர் நின்றுவிடுவதும் உண்டு. பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம். இறக்கத்திலோ, ஒரு டன்னுக்கு மேல் எடையை டிரம் பிரேக்குகள்தான் பிடித்தாக வேண்டும். சூடேறினால் பெடல் ஏமாற்றும். மாருதிக்கு எடையும் குறைவு, முன்னால் டிஸ்க் பிரேக்கும் உண்டு. எந்த வண்டியானாலும் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.

அம்பாசிடரை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். மழையில் எஸ்டேட் மண் சாலையில் ஆள் நிறைத்து மேடேறும்போது பாரம் பின்பக்கம் சாயும். பின்சக்கரம் தள்ளும் அம்பாசிடருக்கு அதுவே பலம். முன்சக்கரம் இழுக்கும் மாருதி அங்கே சும்மா சுற்றும். ஹட்டிக் (படுகர் ஊர்) கல்யாணத்துக்கு ஊரையே அள்ளிக்கொண்டு போன வண்டியாயிற்றே!

மாருதியை எடுத்து வருமுன் தரை விரிப்பைத் தூக்கி, அடித்தகட்டையும் கதவுக்குக் கீழ்ப்பகுதியையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் துருதான், டிங்கரிங் செலவு நிச்சயம். இங்குள்ள ஈரம் தகட்டைச் சீக்கிரமே தின்றுவிடும். வந்ததும் உள்ளூர் மெக்கானிக்கிடம் கார்புரேட்டரை ட்யூன் செய்துகொள்ளுங்கள். கீழே வைத்த பெட்ரோல் அளவுக்கு இங்கே காற்று போதாது, கரும்புகை தள்ளும்.

இரண்டின் உற்பத்தியும் 2014-இலேயே நின்றுவிட்டது, ஆனால் மாருதிக்கு உதிரி பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது எந்தத் தேதி வரை இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.