ட்ரோபோனின் 1,850: ஆபரேஷனிலேயே அட்டாக் வந்துவிட்டதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. பைபாஸ் முடிந்து 12 நாள் ஆகிறது. ஆபரேஷனுக்கு மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின் ஐ 1,850, நார்மல் 26 வரை என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது. ஈசிஜியில் மாற்றமில்லை, எக்கோவில் பம்பிங் 55% என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்டர்நெட்டில் பார்த்தால் இது ஹார்ட் அட்டாக் என்கிறது. எங்களிடம் மறைத்துவிட்டார்களா? இடது கால் மரத்திருக்கிறது, பசியும் இல்லை. வயிறு எரிவதால் மூன்று நாளாக ஆஸ்பிரின் கொடுக்கவில்லை.

பதில்: ஆஸ்பிரினை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? காலிலிருந்து எடுத்துத் தைத்த ரத்தக்குழாய் முதல் சில வாரங்களில்தான் ரத்தம் உறைந்து எளிதில் அடைத்துக்கொள்ளும். இன்றே சர்ஜனிடம் பேசி மறுபடி ஆரம்பியுங்கள். எரிச்சலுக்குத் தனி மாத்திரை தருவார். மலம் கறுப்பாகப் போனால் மட்டும் ஆஸ்பிரின் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாரும் எதையும் மறைக்கவில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனிக்குக் கிளாம்ப் போட்டு, பொட்டாசியம் கலந்த திரவத்தால் இதயத்தை நிறுத்தி, வலது மேலறையில் துளையிட்டுக் குழாய் சொருகி இந்த ஆபரேஷனைச் செய்வதுண்டு. தசை கொஞ்சமாவது அடிபடும். அடிபட்டால் தசைக்குள் இருக்கும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். நன்றாகத் தேறியவர்களுக்கும் இது நார்மல் வரம்பைப் போல் பத்து மடங்கைத் தாண்டுவது சகஜம். அதனால்தான் ஹார்ட் அட்டாக்குக்கான 2018 உலகளாவிய வரையறை, 48 மணி நேரத்துக்குள் பத்து மடங்குக்கு மேல் போனால் மட்டும் போதாது என்கிறது. ஈசிஜியில் புதிய க்யூ அலை (தசை செத்ததைக் காட்டும் பள்ளம்), எக்கோவில் புதிதாக அசையாத இதயச் சுவர், ஆஞ்சியோவில் புதிய அடைப்பு, இவற்றில் ஒன்றாவது கூடவே இருக்க வேண்டும். அப்பாவின் ஈசிஜியும் எக்கோவும் அப்படி எதையும் காட்டவில்லை. 13,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், 26 வரம்புள்ள டெஸ்டில், பைபாஸ் முடிந்த முதல் நாளில் உயிராபத்து கூடிய அளவு 5,670. வேறு லேப், வேறு கிட் என்றால் இந்த எண்களை ஒப்பிடவே கூடாது. இப்போது நீங்களாக ட்ரோபோனின் டெஸ்ட் எடுக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாள்கூட அது ரத்தத்தில் தங்கும்.

கால் மரத்தது ரத்தக்குழாய் எடுத்த இடத்து நரம்பால். மாதக்கணக்கில் மெல்லச் சரியாகும். பசி சில வாரத்தில் வரும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வலியின் குணம். இருமும்போதும் புரளும்போதும் சுருக்கென்று குத்துவது ஆபரேஷனில் அறுத்த நெஞ்செலும்பின் வலி. நாலடி நடந்ததும் மார்பை அழுத்தி, வியர்த்து, தாடைக்கோ கைக்கோ பரவினாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும் அது இதயத்தால் இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கையில் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய ஈசிஜியையும் எடுத்துப் போங்கள். புதிய ஈசிஜியை அதோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும்.