வார்ட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக வேலை செய்ய என்ன படிக்கலாம்?

கேள்வி: அக்கா, உயர்தரம் கலைப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறேன். தம்பிக்கு ஒப்பரேஷன் நடந்தபோது அம்மாவோடு வார்ட்டில் நின்றேன். அங்கே இருந்த பிள்ளைகளையும் அம்மாமாரையும் பார்த்த பிறகு அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு உதவுகிற வேலைக்குத்தான் போகவேண்டும் என்று இருக்கிறது. ‘சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்ட்’ என்று வெளிநாட்டில் ஒரு தொழில் இருக்கிறதாமே? ஒன்லைனில் ஆறு கிழமைச் சான்றிதழ் கோர்ஸ் ஒன்று பார்த்தேன், காசுதான் கொஞ்சம் அதிகம். சேரட்டுமா?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, காசைக் கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். நீங்கள் சொல்வது உண்மையான தொழில்தான், பழையதும்கூட: ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டாலும் விளக்கத்தாலும் பயத்தைக் குறைத்து, சிகிச்சைக்குத் தயார்படுத்துகிற வேலை. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர ஆஸ்பத்திரியில் எம்மா பிளாங்க் என்பவர் 1955இல் சிறுவர்களுக்காகத் தொடங்கிய வேலைத்திட்டம் அதன் முன்னோடிகளில் முக்கியமானது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளின் நலனைப் பற்றி 1959இல் வந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் தாராளமாக வந்துபோக விடவேண்டும், வார்ட்டில் விளையாட்டுக்கும் படிப்புக்கும் இடம் வேண்டும் என்றது. அந்தக் காலத்தில் அங்கே கிழமைக்குச் சில மணி நேரம் மட்டும் அம்மாவை உள்ளே விட்ட ஆஸ்பத்திரிகள் இருந்தன. நம் ஊரில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருந்து விடியவைக்கிறார், அந்த விதத்தில் நாம் பரவாயில்லை.

ஆனால் இந்தத் தொழிலுக்கான அமெரிக்கச் சங்கம் கொடுக்கிற சான்றிதழ் ஆறு கிழமையில் கிடைக்காது. ஒரு பட்டம் வேண்டும், அவர்கள் குறிக்கிற பத்துப் பாடங்கள் படித்திருக்க வேண்டும், ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவரின் கீழ் 600 மணி நேரம் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பரீட்சை. கொழும்பில் இருந்துகொண்டு அந்த 600 மணி நேரத்தை முடிப்பதுதான் பெரிய பாடு. இங்கே அரசாங்க வேலைக்கு வருகிற வர்த்தமானி அறிவித்தல்களிலும் அந்தப் பெயரில் ஒரு பதவியை நான் கண்டதில்லை. அதனால் இங்கே ஏற்கெனவே இருக்கிற ஒரு தொழில் வழியாக வார்ட்டுக்குள் போங்கள், போய் இந்த வேலையைச் செய்யுங்கள்.

உயிரியல் படித்தவர்களென்றால் தாதியர் பயிற்சி, ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துப் படிப்புகள் என்று வழி இருக்கிறது. நீங்கள் கலைப் பிரிவு. உளவியலும் நல்லதுதான், ஆனால் என்னைக் கேட்டால் சமூகப்பணி. சீதுவையில் இருக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்தில் டிப்ளோமாவும் பட்டமும் உண்டு. ஏன் சமூகப்பணி என்றால், குடும்பத்தின் கஷ்டத்தில் பாதி ஊசி மருந்தோடு சம்பந்தமே இல்லாதது. பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிய இரண்டு மூன்று வருடம் எடுக்கும். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அவ்வளவு காலம் வந்துபோகிற குடும்பத்தை யோசித்துப் பாருங்கள். சிகிச்சை இலவசம்தான். ஆனால் பஸ் காசு, அப்பாவின் நாள் சம்பளம், வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? இதையெல்லாம் கேட்டு, எங்கே என்ன உதவி கிடைக்கும் என்று தேடித் தரவும் ஒரு ஆள் வேண்டும்.

பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கவேண்டாம், சிங்களம் படியுங்கள். வணக்கம், நன்றி அளவுக்கு இல்லை, இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கிற அளவுக்கு. காலையில் வைத்தியர்கள் ரவுண்ட் வரும்போது கதை சிங்களத்திலும் இங்கிலீஷிலும்தான் நடக்கும், தமிழ் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், அவருக்கு விளங்கிவிட்டதென்று எல்லோரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் நின்று “டொக்டர், அம்மாவுக்கு விளங்கவில்லை” என்று சொல்ல முடிந்தாலே பெரிய காரியம். ஒன்று மட்டும், வைத்தியர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். அம்மா பாவம் என்று நீங்களாக எதையும் குறைத்தோ கூட்டியோ சொல்லக்கூடாது.

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் முன்பள்ளி ஆசிரியை. கிழமையில் ஒருநாள் சிறுவர் வார்ட்டில் தொண்டு செய்ய ஆசை. முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே என்றாலும் வேறு எந்த ஆஸ்பத்திரி என்றாலும் முதலில் பணிப்பாளரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுமதி எடுங்கள், தெரிந்த தாதி மிஸ் ஒருவரைப் பிடித்துப் பின்கதவால் போகாதீர்கள். தடிமன், இருமல் இருக்கிற நாளில் வீட்டிலேயே இருங்கள். கழுவித் துடைக்கக்கூடிய விளையாட்டுச் சாமான்தான் சரி. பஞ்சு பொம்மையைப் புற்றுநோய் வார்ட்டுக்குக் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அப்புறம், பிள்ளையோடு செல்ஃபி எடுத்துப் பேஸ்புக்கில் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். முடி கொட்டிய பிள்ளையின் முகம் ஊரெல்லாம் சுற்றுவதை எந்த நல்லெண்ணமும் நியாயப்படுத்தாது.

இனி முக்கியமான விஷயம். கனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகுகிற மெல்லிய குழாய்) போடப்போகிற நாலு வயதுப் பிள்ளையிடம் “வலிக்காது கண்ணா” என்று சொல்லவே கூடாது. வலிக்கும். அடுத்த ஊசிக்கு உங்களை நம்பமாட்டான். “முதல்ல பஞ்சால துடைப்பாங்க, குளிரும். பிறகு சுருக்குனு ஒரு குத்து. பிறகு பிளாஸ்டர் ஒட்டுவாங்க. கையை மட்டும் ஆட்டாம வச்சிருந்தா போதும், அழுறதுன்னா அழு” என்று நடக்கப்போவதை வரிசையாகச் சொல்லுங்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் பொம்மையின் கையில் பிளாஸ்டரால் ஒரு குழாய்த் துண்டை ஒட்டி வைத்திருந்தால், அதற்கு அவனே ‘சேலைன்’ ஏற்றட்டும். கட்டிலில் அமுக்கிப் பிடிப்பதைவிட அம்மாவின் மடியில் நெஞ்சோடு நெஞ்சாக இருத்தி, கையை மட்டும் வெளியே நீட்டவைத்தால் பல பிள்ளைகள் அடங்குவார்கள், ஆனால் அதை ஊசி போடுகிறவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சோப்புக் குமிழி ஊதச் சொல்லலாம், மூச்சு நீளும், கவனமும் அங்கே போகும். “ஊசி போடலாமா?” என்று கேட்காதீர்கள், அவன் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? எந்தக் குமிழிப் போத்தல், பார்க்கிறாயா கண்ணை மூடுகிறாயா, அந்த மாதிரி அவனுக்கு உண்மையிலேயே தேர்வு இருக்கிற விஷயத்தைக் கேளுங்கள்.

இந்த வயதில், தான் குழப்படி செய்ததால்தான் நோய் வந்தது என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நாமும் வீட்டில் “சாப்பிடாட்டி டொக்டரிட்ட சொல்லி ஊசி போடவைப்பேன்” என்று வளர்த்தவர்கள்தானே. “இது உன்னால வந்ததில்ல” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருதடவை போதாது.

கேள்வி: எனக்கு 24 வயது, ஆண், வத்தளை. இந்த வேலைக்கு ஆண்களை எடுப்பார்களா? எனக்குக் கண்ணீரும் சீக்கிரம் வரும்.

பதில்: கண்ணீர் வருவது தடையில்லை, ஆனால் உங்களைத் தேற்றும் வேலையை அந்த அம்மாவின் தலையில் போடக்கூடாது. வெளியே வந்து அழுங்கள், கதைக்க ஒரு மூத்தவரையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் கட்டாயம் தேவை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே கார்ட்டூன் படம் ஒட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள், உடம்பில் டியூப் போட்டிருப்பதைப் பற்றி அக்காமாரிடம் வாய் திறக்கமாட்டார்கள், கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டு வருகிற ஒரு அண்ணனிடம் திறப்பார்கள். விண்ணப்பிக்கும்போது பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டால் கோபிக்காதீர்கள், பிள்ளைகளிடம் வருகிற ஆண், பெண் எல்லோரிடமும் கேட்கவேண்டியதுதான்.