ஒரு வருஷம் லீவு குடுத்தாச்சுன்னு பால் கொடுக்கிற நேரத்தை மறுக்கலாமா?

கேள்வி: தாலுகா ஆபீஸ்ல வேலை. மகப்பேறு லீவு முடிஞ்சு ஜாயின் பண்ணி மூணு வாரம் ஆச்சு, குழந்தைக்கு 11 மாசம். மதியத்துக்குள்ள பால் கட்டிக்கிட்டு வலி தாங்கல, டாய்லெட்ல நின்னு பீய்ச்சி ஊத்திட்டு வரேன். அரை மணி நேரம் பர்மிஷன் கேட்டா "ஒரு வருஷம் லீவு குடுத்தாச்சுல்ல, அந்தச் சட்டமெல்லாம் பிரைவேட்டுக்குத்தான்"னு சொல்லிட்டார் மேலதிகாரி.

பதில்: டாய்லெட்னு படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சும்மா. லீவு வேற, பால் கொடுக்கிற இடைவேளை வேற. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலையில இருந்து 12 மாசம் லீவு இருக்கு, சரி, அதைக் காட்டி இதை மறுக்கிறது நியாயமே இல்ல.

ஆனா அவர் சொல்றதுல பாதி உண்மை இருக்கு, அதை மறைக்க மாட்டேன். 1961 மகப்பேறு நலச் சட்டத்துல பிரிவு 11, இப்போ அது இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல பிரிவு 66, குழந்தைக்கு 15 மாசம் ஆகிற வரைக்கும் சாப்பாட்டு நேரம் போக தினமும் ரெண்டு தடவை இடைவேளைன்னு சொல்லுது, அது ஃபேக்டரி, கடை, கம்பெனி மாதிரி இடங்களை வச்சு எழுதினதால தாலுகா ஆபீஸ் அதுல நேரடியா வராதுன்னு வாதாட இடமிருக்கு. ஆனா சுப்ரீம் கோர்ட் அதோட விட்டுடல. 2025 மே மாசம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி டீச்சர் ஒருத்தரோட லீவு வழக்குலயே அந்த 1961 சட்டத்தோட நோக்கத்தையும் பார்த்துத்தான் அவங்களுக்கு லீவு குடுக்கச் சொன்னாங்க. அதே வருஷம் பிப்ரவரி 19, மாத்ர் ஸ்பர்ஷ்ங்கிற வழக்குல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு, இதைத்தான் நீங்க கெட்டியாப் பிடிச்சுக்கணும்: பாலூட்டுறதும் பால் குடிக்கிறதும் அரசியல் சட்டம் 21வது பிரிவோட சேர்ந்த உரிமை, அதனால பொதுக் கட்டடங்கள்ல பாலூட்டும் அறை வரணும், இருக்கிற கட்டடத்துல முடிஞ்ச அளவு, புதுசா கட்டுறதுல கண்டிப்பா.

வாயால கேட்காதீங்க, எழுதிக் கொடுங்க. தாசில்தாருக்கு மனு, கலெக்டருக்கு நகல், கூட பிறப்புச் சான்றிதழும் மாத்ர் ஸ்பர்ஷ் தீர்ப்பும். தாழ்ப்பாள் போடுற ரூம், ஒரு சேர், தினமும் ரெண்டு தடவை நேரம்னு தெளிவா கேளுங்க, ரெக்கார்டு ரூம் ஓரத்தை மறைச்சுக் குடுத்தாக்கூட இப்போதைக்குப் போதும். தேதி போட்டு கையெழுத்து வாங்காம மனுவை விட்டுட்டு வராதீங்க. பால் கட்டி காய்ச்சல் வந்திருந்தா டாக்டர் சர்டிபிகேட்டையும் சேருங்க.

ஒரு வாரம் பாருங்க, பதில் இல்லன்னா கலெக்டரை நேர்ல பார்த்துக் கொடுங்க, அப்பவும் அசையலைன்னா ஹைகோர்ட்ல ரிட், அதாவது அதிகாரிக்கு உத்தரவு போடச் சொல்லிக் கேட்கிற மனு, போடலாம். 15 மாசக் கணக்குல உங்களுக்கு இன்னும் நாலு மாசம்தான் மிச்சம், அதனால மனுவை நாளைக்கே குடுத்துடுங்க.