மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் வயர்லெஸ் பாடம்

வணக்கம் சார்,

திருநெல்வேலி பக்கம் ஒரு கல்லூரியில் இசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் என்பிடெல்லில் (ஐஐடிகளின் இணையப் பாடத் தளம்) 12 வார வயர்லெஸ் கம்யூனிகேஷன் பாடத்தில் சேர்ந்திருக்கிறேன். முதல் இரண்டு வாரம் புரிந்தது. ரேலே ஃபேடிங் (பல வழிகளில் வரும் அலைகளால் சிக்னல் ஏறி இறங்குவது) வந்ததும் எல்லாம் வெறும் சமன்பாடாகிவிட்டது. வீடியோவை இரண்டு தடவை பார்த்தும் அசைன்மென்ட்டில் பாதிதான் சரியாக வருகிறது. கல்லூரி லேபில் இதற்கான கருவி எதுவும் கிடையாது. எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும், மென்பொருளால் இயங்கும் ரேடியோ) ஒன்று வாங்கினால் புரிந்துவிடுமா? இல்லை, கணக்கை முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

— ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

டாங்கிளை இப்போது வாங்காதீர்கள். கணக்கை முதலிலிருந்து படிக்கவும் வேண்டாம். பைத்தானும் அதன் கணக்கு நூலகமான நம்பையும் உள்ள லேப்டாப்பில் ஒரே ஒரு வரைபடத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். இந்தப் பாடத்தின் மீதி ஒன்பது வாரங்களும் அந்த வரைபடம் எழுப்பும் கேள்விக்கான பதில்கள்தான்.

முதலில் பேனாவும் தாளுமாக ஒரு சின்னக் கணக்கு. 2400 மெகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டர் தூரத்துக்கு, தடையில்லாத வெளியில் எவ்வளவு இழப்பு? 32.44, அதோடு கிலோமீட்டரின் 20 லாக், மெகாஹெர்ட்ஸின் 20 லாக். கூட்டினால் 100 டிபி (டெசிபல்; 10 டிபி என்றால் திறனில் பத்து மடங்கு). அனுப்பும் பக்கம் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டிபி). ஆன்டெனா ஆதாயத்தை விட்டுவிட்டால் வந்து சேர்வது மைனஸ் 80 டிபிஎம். வெப்ப இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டிபிஎம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 73 கூட்டுங்கள், ரிசீவரின் சொந்த இரைச்சலுக்கு 7 கூட்டுங்கள், மைனஸ் 94. ஆக, சிக்னல் இரைச்சலைவிட 14 டிபி மேலே இருக்கிறது.

இந்த 14-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிட்டையும் மைனஸ் 1 அல்லது பிளஸ் 1 ஆக அனுப்பும் பிபிஎஸ்கே முறையில் ஆயிரம் பிட்டுக்கு ஒரு பிழை போதும் என்றால், வெறும் இரைச்சல் மட்டும் உள்ள சேனலில் 7 டிபி இருந்தாலே சரி. 14 தாராளம். ஆனால் ரேலே ஃபேடிங் உள்ள சேனலில் அதே பிழை அளவுக்கு 24 டிபி தேவை. உங்கள் 14 டிபி இணைப்பில் நூறு பிட்டுக்கு ஒன்று தவறாகப் போகும். பத்து லட்சத்துக்கு ஒரு பிழை வேண்டுமென்றால் வித்தியாசம் இன்னும் கொடுமை: இரைச்சல் சேனலில் 10.5 டிபி, ரேலேயில் 54.

ஏன் என்பதுதான் மூன்றாவது வாரம். பல வழிகளில் வரும் அலைகள் ஒன்றோடொன்று கூடிக் கழிவதால் சேனலின் கெழு (சிக்னலைப் பெருக்கும் எண்) ஒரு கலப்பெண்ணாகிறது (காம்ப்ளெக்ஸ் எண்). அதன் மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் தனித்தனி காஸியன் (மணி வடிவப் பரவல்). அதன் அளவு, அதாவது வீச்சு, ரேலே பரவல். அளவின் வர்க்கம், அதாவது திறன், எக்ஸ்பொனென்ஷியல் பரவல். அசைன்மென்ட்டில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான். கேள்வி வீச்சைக் கேட்கிறதா, திறனைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். எக்ஸ்பொனென்ஷியல் என்று தெரிந்துவிட்டால் மீதி ஒரு வரி: திறன் சராசரியில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போக வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம். ஆழமாக விழும் அந்த நேரத்தில்தான் பிழைகள் குவிகின்றன. இரைச்சல் மட்டும் இருந்தால் டிபி கூடக்கூடப் பிழை சரசரவென்று விழும்; ஃபேடிங்கில் 10 டிபி கூட்டினால் பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும்.

இனி வரைபடம்: கிடையச்சில் டிபி, நெட்டச்சில் பிழை விகிதம். பத்து லட்சம் பிட்டுகளை மைனஸ் 1, பிளஸ் 1 ஆக மாற்றுங்கள். ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனி சேனல் கெழு: இரண்டு காஸியன் எண்கள், ஒன்று மெய், ஒன்று கற்பனை, மொத்தத்தையும் ரூட் 2-ஆல் வகுத்தது. இரைச்சலையும் அப்படியே செய்து, டிபிக்கு ஏற்பச் சுருக்குங்கள். பிட்டைக் கெழுவால் பெருக்கி, இரைச்சலைக் கூட்டி, ரிசீவரில் கெழுவின் இணையால் (கான்ஜுகேட்) பெருக்கி, மெய்ப் பகுதியின் குறியைப் பாருங்கள். கெழு இல்லாத இரைச்சல் சேனலையும் அதே இரைச்சல் வரிகளைக் கொண்டு பக்கத்திலேயே வரையுங்கள். 10 டிபியில் ரேலே கோடு 0.023-லும், இரைச்சல் கோடு 0.0000039-லும் வர வேண்டும்.

வராது, முதல் தடவை. எங்கே தப்பியது என்பதைக் கோடே சொல்லும். பிழை எல்லா இடத்திலும் 0.5-இல் நின்றால் இணையால் பெருக்க மறந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கோடு மாறினால், பத்து லட்சம் பிட்டுக்கும் ஒரே கெழுவைக் கொடுத்திருக்கிறீர்கள். 0 டிபியில் சரியாகத் தொடங்கிப் போகப்போகக் கோடு செங்குத்தாகச் சரிந்தால், இரைச்சலின் வீச்சுக்கு வர்க்கமூலம் எடுக்கவில்லை. ரேலே கோடு 3 டிபி இடப்பக்கம் தள்ளியிருந்தால் கெழுவில் ரூட் 2 போயிற்று. 3 டிபி வலப்பக்கம் என்றால் இரைச்சலில். இரண்டிலும் மறந்தால் ரேலே கோடு சரியாகவே வந்துவிடும், அதுதான் ஆபத்து. அப்போது இரைச்சல் சேனலின் கோடு மட்டும் 3 டிபி தள்ளி நிற்கும். இரண்டையும் சேர்த்து வரையச் சொன்னது அதற்காகத்தான். இரைச்சல் கோட்டின் வால் 10 டிபி அருகே பிசிறடித்தால் பயப்பட வேண்டாம். பத்து லட்சம் பிட்டில் அங்கே நாலு பிழைதான் விழும். ஒரு புள்ளியை நம்ப வேண்டுமானால் நூறு பிழையாவது எண்ணியிருக்க வேண்டும்.

இந்தக் கோடு கையில் வந்தபின் டைவர்சிட்டி பாடத்தைப் பாருங்கள். ரிசீவரில் இன்னொரு ஆன்டெனா, தனிக் கெழுவோடு. இரண்டும் ஒரே நேரத்தில் நூறில் ஒரு பங்குக்குக் கீழே விழ வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. இரண்டையும் எடையிட்டுக் கூட்டினால் 24 டிபி தேவை 11 டிபியாக இறங்கிவிடும். நம் 14 டிபி இணைப்பு இப்போது பிழைத்துக்கொண்டது! அனுப்பும் திறனைப் பத்து மடங்காக்கிப் பெற வேண்டியதை ஓர் ஆன்டெனா தந்துவிட்டது. ஒரே நிபந்தனை, இரண்டு கெழுக்களும் தொடர்பற்றவையாக இருக்க வேண்டும். அதற்கு ஆன்டெனாக்களுக்கு இடையே குறைந்தது அரை அலைநீளம், 2400 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 சென்டிமீட்டர் வேண்டும்.

ஓஎஃப்டிஎம் (பல சிறு அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) வரும்போது ஒன்றை மட்டும் விடாமல் போட்டுப் பாருங்கள். பழைய வைஃபையின் சைக்ளிக் பிரிஃபிக்ஸ் (ஒவ்வொரு சிம்பலுக்கும், அதாவது ஒரு தடவை அனுப்பும் அலைத் துண்டுக்கும், முன்னால் ஒட்டும் காப்பு நேரம்) 0.8 மைக்ரோ வினாடி, ஒளி அதற்குள் போகும் தூரம் 240 மீட்டர். எல்டிஇ-யில் (4ஜி) 4.7 மைக்ரோ வினாடி, 1.4 கிலோமீட்டர். வழிகளுக்கு இடையிலான நீள வித்தியாசம் இதற்குள் அடங்கினால் ஒரு சிம்பல் அடுத்ததில் கலக்காது. வீட்டுக்கும் செல் டவருக்கும் ஏன் வேறு வேறு அளவு என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

டாங்கிளை ஏழாவது வாரத்துக்கு மேல் வாங்கலாம். மலிவான எஸ்டிஆர் வகையான ஆர்டிஎல் டாங்கிள் சிக்னலைப் பெற மட்டுமே செய்யும், அனுப்பாது. 8 பிட், ஏறத்தாழ 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபை அதில் வராது. குனு ரேடியோ மென்பொருளில் எஃப்எம் கேட்பது முதல் பயிற்சி: வினாடிக்கு 24 லட்சம் சாம்பிள், 100 கிலோஹெர்ட்ஸ் லோ பாஸ் ஃபில்டர், 10-ஆல் குறைத்து 2,40,000, எஃப்எம் டிமாடுலேட்டர், 5-ஆல் குறைத்து 48,000, ஒலிபெருக்கி. இந்த வகுத்தல் ஓரிடத்தில் தப்பினாலும் பேச்சு விட்டுவிட்டு வரும். அலைக்கற்றைப் படத்தின் நட்டநடுவில் ஒரு கூரான கோடு நிமிர்ந்து நின்றால் அது ஸ்டேஷனாக இல்லாமல் கருவியின் டிசியாக (கருவியே சேர்க்கும் மாறாத மின்னளவு) இருக்கலாம். 250 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ட்யூன் செய்து மென்பொருளில் திருப்பிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஜாடிக் என்ற மென்பொருள் மூலம் டிரைவரை மாற்றாவிட்டால் கருவியே தெரியாது.

மதிப்பெண் பற்றி: அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டின் சராசரிதான் எடுக்கப்படும். 25-க்கு 10, 75-க்கு 30 இரண்டும் தனித்தனியே வேண்டும். ஆகவே இரண்டு வாரம் குறைந்துவிட்டது என்று பாடத்தைக் கைவிடாதீர்கள். இந்த வார இறுதியில் வீடியோவை மூன்றாம் தடவை பார்ப்பதற்குப் பதில் கோட்டை வரையுங்கள். ரேலே கோட்டில் ஆயிரத்துக்கு ஒரு பிழை 24 டிபியில் வரவில்லையென்றால், எந்தப் பக்கம் எத்தனை டிபி தள்ளியிருக்கிறது என்று குறித்து, நிரலோடு அனுப்புங்கள்.